பழைய டிராக்டரின் பாட்டரிக் கம்பிகளும் டெர்மினல்களும்

கூட்டுறவுச் சங்கங்கள் வாடகைக்கு விடும் டிராக்டர்களைப்பற்றி அங்கத்தினர்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்றுண்டு. மழை பெய்து நிலத்தில் ஈரம் நிற்கும் இரண்டொரு நாட்களுக்குள் உழுதாகவேண்டும். அன்று பார்த்து வண்டி கிளம்புவதில்லை. சாவியைத் திருகினால் ‘டக்’ என்று ஒரு சப்தம் கேட்கிறது, அவ்வளவுதான். நாலுபேர் கூடித் தள்ளிப் பார்க்கிறார்கள். முறைக்குக் காத்திருந்தவருடைய நிலம் காய்ந்துவிடுகிறது. பாட்டரி கெட்டுவிட்டதென்று தீர்மானித்து நிர்வாக சபையார் புதியது வாங்கப் பணம் ஒதுக்குகின்றனர். புதியதைப் பூட்டியவுடன் வண்டி கிளம்பவும் செய்கிறது. ஆனால் ஓராண்டு கழியுமுன் மறுபடியும் அதே கதை.

இவ்வாறு நேரும்போது குற்றம் பாட்டரியினுடையதுதானா என்பதை விசாரித்தறிதல் அவசியம். புதிய பாட்டரியைப் பூட்டும் மெக்கானிக், பழைய டெர்மினல்களைக் கழற்றிச் சுரண்டி, மறுபடி இறுக்கிவிடுகிறார். வண்டி கிளம்பியதற்குப் பல தருணங்களில் அந்தச் சுரண்டலே காரணம். பெயர் மட்டும் புதிய பாட்டரிக்குப் போய்விடுகிறது. கம்பியும் டெர்மினலும் மட்டமானவையாயிருந்தால் சில மாதங்களில் அவை மீண்டும் பூத்துவிடும். அப்பொழுது டைனமோவிலிருந்தோ ஆல்டர்னேட்டரிலிருந்தோ வரும் சார்ஜும் பாட்டரிக்கு முழுமையாக ஏறாது. அரைகுறை சார்ஜிலேயே கிடக்கும் பாட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டு, அது உண்மையாகவே செத்துப்போகிறது. சிறிய விலையுள்ள ஒரு சாமான் பெரிய விலையுள்ள சாமானைத் தின்றுவிடும் விதம் இதுவே.

இதன் காரணத்தைச் சிறிது கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். டீஸல் எஞ்சினைச் சுழற்றும் ஸ்டார்ட்டர் மோட்டார், விளக்கைப்போலச் சிறிது மின்சாரம் கேட்பதன்று. அந்தச் சில விநாடிகளில் அது இருநூறு, முந்நூறு ஆம்பியர் வரை இழுக்கும். பாட்டரி முனைக்கும் டெர்மினலுக்கும் நடுவே அழுக்கினால் ஓர் ஓமில் நூற்றிலொரு பங்கு தடை உண்டாயிருப்பதாக வைத்துக்கொள்வோம். முந்நூறு ஆம்பியர் அதன் வழியே செல்லவேண்டுமாயின், அவ்விடத்திலேயே 3 வோல்ட் குறைந்துவிடும். 12 வோல்ட்டில் கால் பங்கு ஒரு மூட்டிலேயே உஷ்ணமாகப் போய்விட்டால் ஸ்டார்ட்டர் எப்படிச் சுழலும்? ஆனால் விளக்கு மாத்திரம் பிரகாசமாக எரியும். அதற்குச் சில ஆம்பியரே போதும். விளக்கு எரிவதைக்கொண்டு இணைப்பெல்லாம் சரியென்று முடிவு கட்டுவது பொதுவான தவறு.

கம்பியின் பருமனும் இதே கணக்கிற்கு உட்பட்டதே. போக ஒரு மீட்டரும் வர ஒரு மீட்டருமாக இரண்டு மீட்டர் செப்புக் கம்பி இருப்பதாகக் கொண்டால், 16 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 300 ஆம்பியருக்கு சுமார் 0.65 வோல்ட் குறையும். 50 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 0.2 வோல்ட்தான் குறையும். ஆகவே 12 வோல்ட் டீஸல் டிராக்டருக்கு 35 முதல் 50 சதுர மில்லிமீட்டர் வரை செம்பு உள்ள கம்பியே தகுதியானது. 6 வோல்ட் வண்டிகளுக்கு இதுவும் போதாது. அமெரிக்காவில் 1947 முதல் 1952 வரை செய்யப்பட்ட ஃபோர்டு 8என் டிராக்டர் இவ்வகையைச் சேர்ந்தது. வோல்ட் பாதியாகையால் அதே சக்திக்கு இரட்டிப்பு ஆம்பியர் வேண்டும். 70 சதுர மில்லிமீட்டர் கம்பி போடுவது உத்தமம். 12 வோல்ட் காருக்கென்று விற்கும் மெல்லிய கம்பியை இதில் மாட்டிவிட்டு, 6 வோல்ட் வண்டியே பிரயோஜனமில்லை என்று பழி கூறுவோர் பலர். நம் பக்கத்தில், 1960-ல் சென்னையில் தொடங்கப்பெற்ற டாஃபே கம்பெனியார் செய்த மாஸி பெர்கூஸன் வகை டிராக்டர்களில் பழையவை இன்னும் வயலில் உழைக்கின்றன. அவற்றில் பலவற்றின் கம்பிகள் பலமுறை கைமாறி, அவரவர்க்குக் கிடைத்ததைக் கொண்டு ஒட்டுப்போடப்பட்டவை.

கம்பி வாங்குகையில் மேலுறையின் பருமனைப் பார்த்து ஏமாறலாகாது. தடித்த உறைக்குள் மெல்லிய கம்பி இருப்பதுண்டு. அன்றியும், அலுமினியத்தின்மேல் செம்பு பூசிய கம்பி கடைகளில் மலிவாக விற்கிறது. அலுமினியம் மின்சாரம் கடத்தும் திறன் செம்பினுடையதில் ஏறக்குறைய அறுபது சதவிகிதமே. டிராக்டரின் அதிர்ச்சியில் அதன் இழைகள் விரைவில் முறிவதுடன், திராவகம் பட்டால் அரித்தும் போகும். ஓர் இழையைக் கத்தியால் சுரண்டினால் உண்மை தெரிந்துவிடும்: உள்ளேயும் சிவப்பாயிருந்தால் செம்பு, வெள்ளையாய்த் தெரிந்தால் அலுமினியம். இது ஒரு நிமிஷ வேலை. கடைக்காரர் மறுத்தால் வேறு கடை பார்க்கலாம். இழைகள் மிக நுண்ணியனவாயும் பலவாயும் உள்ள கம்பி, அதிர்ச்சியைத் தாங்கி வளைந்துகொடுக்கும். வெல்டிங் வேலைக்கு உபயோகிக்கும் செப்புக் கம்பி இதற்கு நன்றாக உதவும்.

கம்பியின் நுனியிலுள்ள லக், வெள்ளீயம் பூசிய செம்பாயிருத்தல் வேண்டும். அதைச் சுத்தியலால் அடித்து நசுக்குவது போதாது. நசுக்கிய இடத்தில் இழைகளுக்கிடையே காற்றும் ஈரமும் புகும். ஹைட்ராலிக் கருவியால் அழுத்தி, அதன்மேல் சூட்டில் சுருங்கும் உறையைப் போட்டுவிட்டால் திராவகம் இழைகளின் வழியே உள்ளே ஏறாது. உறைக்குள்ளே செம்பு பச்சையாகிப் பொடியாயிருக்கும் கம்பி, வெளியே பார்க்கப் புதிதுபோலவே இருக்கும்.

இனி டெர்மினல். தகரத்தை வளைத்துச் செய்து துத்தநாகம் பூசியவை சீக்கிரம் துருப்பிடிக்கும். இவை வேண்டவே வேண்டாம். கம்பியை ஒரு பட்டைக்குள் வைத்து இரண்டு திருகுகளால் அமுக்கும் வகை, வழியில் நின்றுபோன வண்டியை வீடு சேர்க்க மட்டுமே உதவும். செம்பை வெட்டவெளியில் திராவகப் புகைக்குக் காட்டி நிற்பது அதன் குணம். வார்ப்பு ஈய டெர்மினல் திராவகத்தை நன்கு தாங்கும், ஆனால் மெதுவானது. அளவுக்கு மீறி இறுக்கினால் விரிந்துவிடும். வெள்ளீயம் பூசிய கனத்த பித்தளை உறுதியானது. அடிக்கடி கழற்றிப் பூட்டும் வண்டிக்கு இதுவே ஏற்றது. பூச்சில்லாத பித்தளை பச்சைக் களிம்பு பிடிக்கும்.

அளவைக் கவனியாதவர் எந்த உலோகத்தை வாங்கியும் பயனில்லை. பாட்டரியின் பாஸிடிவ் முனை, நெகடிவ் முனையைவிடச் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் பருமனானது. டெர்மினல்களும் அவ்வாறே ஜோடியாக வரும. இதன்றி, ஜப்பானிய அளவில் மெல்லிய முனைகளுள்ள பாட்டரிகளும் விற்கின்றன. பெரிய டெர்மினல் ஆடும்போது நடுவே ஆணியையோ தகரத் துண்டையோ செருகுவது கிராமங்களில் சகஜம். அப்படிச் செருகிய வண்டியில் மின்சாரம் ஊசிமுனை இடத்தில்தான் பாய்கிறது. அங்கே சூடேறி ஈயம் உருகியதும் உண்டு. சிறிய டெர்மினலைச் சுத்தியலால் தட்டி ஏற்றினாலோ, உள்ளே முனைக்கும் தகடுகளுக்குமுள்ள பற்று விட்டுப்போகும். மேற்சொன்ன ஃபோர்டு 8என் போன்ற சில பழைய வண்டிகளில் பாஸிடிவ் முனையே எர்த். அவற்றில் எர்த் கம்பிக்குத்தான் பருமனான டெர்மினல் வேண்டும். பாட்டரியைக் கழற்றுமுன் எது எர்த் என்று எழுதிவைத்துக்கொள்வது நல்லது. மாற்றிப் பூட்டினால் ஆல்டர்னேட்டர் அக்கணமே எரிந்துபோகலாம்.

எர்த் கம்பியை யாரும் மதிப்பதில்லை. ஸ்டார்ட்டருக்குப் போகும் மின்சாரம் அத்தனையும் திரும்பிவரும் வழி அதுவே. ஆதலால் அதற்கும் அதே பருமன் வேண்டும். பெயிண்டையும் துருவையும் சுரண்டி, பளபளக்கும் இரும்பின்மேல் அதன் லக்கை இறுக்கவேண்டும். மற்றக் கம்பி தகட்டின் ஓட்டை வழியே செல்லுமிடத்தில் ரப்பர் வளையம் அவசியம். அங்கே உறை தேய்ந்து செம்பு இரும்பைத் தொட்டால் வண்டி தீப்பிடிக்கும். இடையில் ஃபியூஸ் இல்லாமையால் அதைத் தடுக்க வேறு எதுவும் இல்லை.

கழற்றும்போது முதலில் எர்த்தையும், பூட்டும்போது கடைசியில் எர்த்தையும் கவனிக்கவேண்டும். எர்த் இருக்கும்போதே மற்ற முனையைக் கழற்றினால், ஸ்பானர் வண்டியின் உடலில் பட்டுப் பெரும்பொறி கிளம்பும். பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரக்கூடுமாதலால் பீடி, சிகரெட் அருகில் கூடாது. வெண்பொடி பூத்திருந்தால் வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றிக் கழுவலாம். மூடிகளை இறுக்கி, கரைசல் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். காய்ந்தபின் முனையையும் டெர்மினலின் உட்புறத்தையும் தேய்த்துப் பளபளப்பாக்கி, இறுக்கிய பிறகே வாசிலின் தடவவேண்டும். ஈயத்தூள் விஷமாகையால் கைகழுவாமல் சோற்றில் கைவைக்கலாகாது.

புதிய பாட்டரி வேண்டுமென்று சங்கத்தில் எழுதிக் கேட்குமுன் டிரைவர் ஒரு சோதனை செய்து காட்டட்டும். வோல்ட் மீட்டரின் ஒரு முள்ளைப் பாட்டரியின் ஈய முனையிலும், மற்றதை அதன்மேலுள்ள டெர்மினலிலும் வைத்துக்கொண்டு, மற்றொருவர் ஸ்டார்ட்டரை அழுத்தவேண்டும். 0.1 வோல்ட்டுக்குமேல் காட்டினால் அந்த மூட்டு அழுக்கானது. முனையிலிருந்து ஸ்டார்ட்டர் வரை முழுவதும் அளந்தால் அரை வோல்ட்டுக்குமேல் போகலாகாது. எர்த் பக்கமும் அப்படியே. மீட்டர் இல்லாவிடில், ஸ்டார்ட்டரைச் சில விநாடி சுழற்றியபின் மூட்டுகளை விரலால் தொட்டுப் பார்க்கலாம். சுடும் மூட்டே குற்றவாளி. எங்கும் குறை காணப்படாமல் வண்டி கிளம்பாதிருந்தால் மாத்திரம் பாட்டரியையோ ஸ்டார்ட்டரையோ சந்தேகிக்கவேண்டும்.