தேவபூமியின் திருமேனி

பெரியாழ்வார் 'கண்டமென்னும் கடிநகர்' என்று மங்களாசாசனம் செய்தருளிய திவ்விய தேசம் இன்று தேவப்பிரயாகை என வழங்கப்படுகிறது. ரகுநாதர் ஆலயத்திலிருந்து படிகளில் இறங்கினால் இரு நதிகள் கூடும் துறை வரும். ஒருபுறம் பாகீரதி பேரிரைச்சலுடன் பாய்ந்து வருகிறாள். மறுபுறம் அலகநந்தை அடங்கி வருகிறாள். முன்னவளை மாமியார் என்றும் பின்னவளை மருமகள் என்றும் அப்பகுதி மக்கள் அன்புடன் சொல்வதுண்டு. இருவரும் கலந்த இடத்திலிருந்துதான் நதிக்குக் கங்கை என்னும் திருநாமம் அமைகிறது. நீராடுவோரை வெள்ளம் இழுத்துச் செல்லாதிருக்கப் படித்துறையில் இரும்புச் சங்கிலிகள் பிணைக்கப்பட்டுள்ளன. அச்சங்கிலியைப் பற்றியபடியே அன்பர்கள் மூழ்கி எழுகின்றனர்.

அந்த ஒரு முழுக்கில் எத்தனை மலைகளின் பனி நம் தலைமேல் இறங்குகிறது என்பதை அறிந்தால், உத்தராகண்ட் மாநிலத்தைத் தேவபூமி என்று பெரியோர் அழைத்ததன் பொருள் இன்னும் ஆழமாக விளங்கும்.

ஐந்து கூடல்கள்

2000-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள் உத்தரப் பிரதேசத்திலிருந்து பிரிந்து உருவான இம்மாநிலத்தின் பரப்பு 53,483 சதுர கிலோமீட்டர். அதில் ஏறக்குறைய 86 விழுக்காடு மலைப்பகுதி. வடக்கே திபெத்தும் கிழக்கே நேபாளமும் எல்லைகள். கடலைக் காணாத இந்த நிலம், கடலை நோக்கி ஓடும் நதிகளுக்குத் தாயகமாக விளங்குகிறது.

பஞ்சப் பிரயாகைகள் எனப் போற்றப்படும் ஐந்து கூடல்துறைகளும் அலகநந்தையின் கரையில் அமைந்தவை. சதோபந்த், பகீரத் கரக் என்னும் பனியாறுகளில் தோன்றும் அலகநந்தை, பத்ரிநாதரின் திருவடியை வருடிக்கொண்டு கீழிறங்குகிறாள். விஷ்ணுப்பிரயாகையில் தௌலிகங்கை வந்து சேர்கிறது. நந்தாதேவிச் சிகரத்தைச் சூழ்ந்த பனிவெளியின் நீரைச் சுமந்து வரும் ரிஷிகங்கையும் அதற்குள் அடக்கம். நந்தப்பிரயாகையில் நந்தாகினியும், கர்ணப்பிரயாகையில் பிண்டாரி பனியாற்றின் பிண்டார் நதியும் கலக்கின்றன. ருத்ரப்பிரயாகையில் கேதாரநாதரின் சந்நிதியிலிருந்து மந்தாகினி வருகிறாள். நிறைவாகத் தேவப்பிரயாகையில், ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளமுள்ள கங்கோத்ரி பனியாற்றின் கோமுகத்திலிருந்து புறப்பட்ட பாகீரதி இணைகிறாள்.

ஆகவே தேவப்பிரயாகையில் நீராடுபவர் பத்ரியின் பனியையும் கேதாரத்தின் பனியையும் கோமுகத்தின் பனியையும் ஒருங்கே பெறுகிறார். பஞ்சப் பிரயாகை என்பது பக்தியால் வரையப்பட்ட ஒரு நதிப்படம்.

கடல் எழுந்து மலையான கதை

இமயம் வயதில் மிக இளைய மலை. தென்னாட்டின் பாறைகள் நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட தொன்மை உடையவை. இமயமோ, சுமார் ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன் இந்திய நிலத்தட்டு ஆசிய நிலத்தட்டுடன் மோதத் தொடங்கிய பின்னரே எழுந்தது. அவ்விரண்டிற்கும் இடையே கிடந்த டெதிஸ் என்னும் கடலின் அடிமண் மடிந்து உயர்ந்தது. நம் இல்லங்களில் பூசை பெறும் சாளக்கிராமமே இதற்குச் சான்று. நேபாளத்தின் கண்டகி நதியில் கிடைக்கும் அத்திருக்கற்களில் காணப்படும் சக்கரம், அப்பழங்கடலில் வாழ்ந்த உயிரினத்தின் ஓடு கல்லாக உறைந்த வடிவம் என்பர் நிலவியலார்.

அந்த மோதல் இன்றும் ஓயவில்லை. தெற்கே தராய் சமவெளி, அதனை அடுத்துச் சிவாலிக் குன்றுகள், பின்னர் நைனிதாலும் அல்மோராவும் அமைந்த நடு இமயம், அதற்கும் வடக்கே பெரும்பனி இமயம் என நிலம் படிப்படியாக உயர்ந்து, 7,816 மீட்டர் உயரமுள்ள நந்தாதேவியில் முடி சூடுகிறது. நடு இமயத்தின்மேல் பெரும்பனி இமயம் ஏறி அமர்ந்த இடத்தில் பூமிக்குள் ஆழ்ந்த பிளவு ஓடுகிறது. அதனை ஒட்டியே வெந்நீர் ஊற்றுகள் பொங்குகின்றன. பத்ரிநாத்தின் தப்த குண்டத்தில் நீராடிய பின்னர்ப் பெருமாளைச் சேவிப்பது மரபு. யமுனோத்ரியின் சூரிய குண்டத்தில் அரிசியைத் துணியில் முடிந்து அமிழ்த்தி, வெந்ததும் பிரசாதமாக எடுத்துச் செல்கின்றனர். நிலத்தடி வெப்பத்தை அன்னமாக்கித் தரும் அதே பிளவுகள்தாம் நிலநடுக்கத்திற்கும் காரணமாகின்றன. 1991-இல் உத்தரகாசியும் 1999-இல் சமோலியும் அதனால் பெருந்துயர் உற்றன.

இறைவன் மலையிறங்கும் காலம்

இத்தகைய நிலத்தில் வழிபாட்டை வகுத்த முன்னோர், மலையின் இயல்பை அறிந்தே வகுத்தனர். கேதாரநாத் ஆலயம் 3,583 மீட்டர் உயரத்தில் உள்ளது. தீபாவளியை அடுத்து நடை சாத்தப்பட்டதும் கேதாரநாதரின் உற்சவ மூர்த்தி பல்லக்கில் உகிமடத்திற்கு எழுந்தருளுகிறார். கங்கா மாதா முக்பா கிராமத்திற்கும் யமுனா மாதா கர்சாலிக்கும் இறங்குகின்றனர். பத்ரிநாத்தின் குளிர்காலப் பூசைகள் பாண்டுகேசுவரத்திலும் ஜோஷிமட நரசிம்மர் ஆலயத்திலும் நடைபெறுகின்றன. மீண்டும் கோடையில், அட்சய திருதியையை ஒட்டி நடைகள் திறக்கப்படுகின்றன.

பனி மூடும் ஆறு மாதங்களும் மலைக்கு உரியவை. அக்காலத்தில் மனிதர் அங்கே தங்கலாகாது. இவ்வொழுக்கத்தை மக்களுக்கு உணர்த்த இறைவனே முன்னின்று இறங்கிக் காட்டுகிறான்.

மலை சொன்ன சொற்கள்

இவ்வொழுக்கத்தின் அருமையை வரலாறும் காட்டியிருக்கிறது. 1893-இல் பெரும் மலைச்சரிவு ஒன்று பிராகி கங்கை நதியை மறித்தது. கோனா என்னும் ஏரி உருவானது. அது என்றேனும் உடையும் என்பதைக் கணித்த அதிகாரிகள் தந்திக் கம்பி அமைத்து, கீழுள்ள ஊர்களை எச்சரித்து, மக்களை மேட்டிற்கு அனுப்பினர். 1894 ஆகஸ்டில் ஏரி உடைந்தது. கார்வாலின் ஸ்ரீநகர் பட்டணம் அழிந்தது. ஆயினும் மாண்டவர் ஐவர் மட்டுமே. எச்சரிக்கையை மீறித் திரும்பிச் சென்ற ஒரு பக்கிரியும் அவர் குடும்பத்தினருமே அவர்கள்.

2013 ஜூன் 16, 17 நாட்களில் கேதாரநாத்தில் நேர்ந்தது வேறு. இடைவிடாத பெருமழையில் ஆலயத்திற்கு மேலிருந்த சோராபாரி ஏரியின் கரை உடைந்தது. மந்தாகினி முற்காலத்தில் ஓடிக் கைவிட்ட தடத்திலெல்லாம் கட்டடங்கள் பெருகியிருந்தன. நதி தன் பழைய தடத்தை மறக்கவில்லை. மாநிலம் முழுவதும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் மறைந்தனர். வெள்ளம் உருட்டி வந்த பெரும்பாறை ஒன்று ஆலயத்தின் பின்புறம் நின்று நீரை இருபுறமும் பிரித்தது, ஆலயம் தப்பியது. பீமசிலை என்று அதனை அன்பர்கள் இன்றும் வணங்குகின்றனர். பாறையை வணங்குவோர் அது உணர்த்தும் பாடத்தையும் நெஞ்சில் கொள்ளுதல் வேண்டும்.

திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி என்று பெரியோர் கொள்ளும் ஜோஷிமடமும் அதே பாடத்தையே சொல்கிறது. அந்நகரம் பழைய மலைச்சரிவின் குவியல்மேல் அமர்ந்துள்ளது. ஆகவே அங்கே பாறைகளைப் பெயர்க்கலாகாது, மரங்களை வெட்டலாகாது என 1976-இலேயே மிஸ்ரா தலைமையிலான குழு அறிவுறுத்தியது. 2023 ஜனவரியில் நூற்றுக்கணக்கான வீடுகளில் வெடிப்புகள் கண்டு மக்கள் வெளியேற நேர்ந்தபோதுதான் அச்சொற்கள் மீண்டும் நினைவுக்கு வந்தன.

அவ்வூரிலிருந்து சற்று தொலைவில் உள்ளது ரேணி கிராமம். 1974 மார்ச்சில் கௌரா தேவி என்னும் பெண்மணி கிராமத்துப் பெண்களைத் திரட்டிச் சென்று, வெட்ட வந்தவர்களிடமிருந்து காட்டைக் காத்தார். காடு தங்கள் தாய்வீடு என்பதே அப்பெண்களின் வாதம். 2021 பிப்ரவரி 7 அன்று அதே ரேணியின் அருகே, ரிஷிகங்கையில் பாறையும் பனியும் சரிந்து இறங்கி இருநூறுக்கும் மேற்பட்டோரைக் கொண்டு சென்றன.

யாத்திரை செல்வோர்க்கு

திருஞானசம்பந்தரும் சுந்தரரும் திருக்காளத்தியில் இருந்தபடியே திருக்கேதாரத்தைப் பாடினர் என்பது வரலாறு. நேரில் செல்ல இயலாதோர் இதனால் ஆறுதல் கொள்ளலாம். உடல் தளர்ந்து முதுமை வருமுன் வதரியை வணங்கிடுக என்று திருமங்கையாழ்வார் அறிவுறுத்தியிருப்பதையும் குடும்பத்தார் எண்ணிப் பார்ப்பது நன்று.

செல்வோர் அரசின் பதிவைப் பெற்றே செல்லுதல் வேண்டும். கேதாரநாத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கே. ஆதலின் வழியில் ஓரிரு நாள் தங்கி உடலைப் பழக்கிக்கொள்வது முதியோர்க்கும் இதய நோயுற்றோர்க்கும் இன்றியமையாதது. மழை உச்சம் கொள்ளும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களைத் தவிர்த்தல் நலம். பாதை மூடப்பட்டது என்று காவலர் சொன்னால், அது தரிசனத்திற்குத் தடை என வருந்த வேண்டுவதில்லை. 1894-இல் மேட்டுக்குச் சென்று உயிர் பிழைத்த மக்கள் கேட்ட அதே சொல் அது. பிளாஸ்டிக் உறைகளை அங்கே விட்டு வாராமையும் சிவபூசையின் ஒரு பகுதியே.

தேவப்பிரயாகையின் படித்துறையில் தொங்கும் சங்கிலியை யாரும் இடையூறாக எண்ணுவதில்லை. அதைப் பற்றிக்கொண்டே கங்கையில் மூழ்குகிறோம். மலை விதிக்கும் முறைகளையும் அவ்வாறே பற்றிக்கொண்டு ஏறுவோர்க்குக் கேதாரநாதரும் பத்ரி நாராயணரும் நிறைவான தரிசனம் அருளி, நலமுடன் இல்லம் சேர்ப்பார்களாக.