செத்தவன் திரும்பி வரமாட்டான்!
கணக்குப் போட்டுச் சண்டை செய்யும் ஜப்பானிய விளையாட்டு

ஜப்பானில் 1990-ம் ஆண்டு ஏப்ரல் 20-ந் தேதி ஒரு வீடியோ விளையாட்டு விற்பனைக்கு வந்தது. அதன் பெயர் "பயர் எம்ப்ளம்". நெருப்புச் சின்னம் என்று பொருள்.

கதை பழைய கதைதான். ஆல்டியா என்று ஒரு நாடு. அதன் இளவரசன் மார்த். எதிரிகள் அவன் நாட்டைப் பிடித்துக்கொள்கிறார்கள். தந்தை போரில் மடிகிறார். மார்த் தப்பி ஓடி, தாலிஸ் என்ற சிறு தீவில் தஞ்சம் அடைகிறான். பிறகு ஒரு சின்னஞ்சிறு படையுடன் புறப்படுகிறான். மெடியஸ் என்ற கொடிய டிராகன்தான் அவனுடைய பெரிய பகைவன். அதைக் கொல்லக்கூடிய வாள் ஒன்று இருக்கிறது. அதைத் தேடி எடுக்க வேண்டும்.

இப்படி எத்தனையோ கதைகளைக் கேட்டிருக்கிறோம். ஆனால் இந்த விளையாட்டில் ஒரு புதுச் சங்கதி இருந்தது. மற்ற விளையாட்டுகளில் வீரன் விழுந்தால், அடுத்த சண்டைக்கு எழுந்து வந்துவிடுவான். இதில் அப்படி இல்லை. செத்தவன் செத்தவன்தான்! விளையாட்டு முடியும் வரை அவன் முகத்தைப் பார்க்க முடியாது.

இளவரசன் மார்த் செத்தால் ஆட்டமே முடிந்தது. மற்றவர்கள் செத்தால் ஆட்டம் தொடரும். அவர்கள் இருந்த இடம் மட்டும் காலியாக இருக்கும்.

பெயர் உள்ள சிப்பாய்கள்

இதைச் செய்தது இன்டெலிஜன்ட் சிஸ்டம்ஸ் என்ற கம்பெனி. வெளியிட்டது நின்டெண்டோ. விளையாட்டை உருவாக்கியவர் ஷோசோ காகா. தயாரிப்பைக் கவனித்தவர் குன்பெய் யோகோய். உலகமெங்கும் சிறுவர்கள் கையில் வைத்து விளையாடிய "கேம் பாய்" கருவியைப் படைத்தவரும் இவரே. இசை அமைத்தவர் யூகா சுஜியோகோ என்ற பெண்மணி.

இதே கம்பெனி 1988-ல் "பேமிகாம் வார்ஸ்" என்று ஒரு போர் விளையாட்டைச் செய்திருந்தது. அதில் சிப்பாய்களுக்குப் பெயர் கிடையாது. பணம் கொடுத்தால் தொழிற்சாலையில் இருந்து டாங்கி வரும். உடைந்தால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். உடைந்த டாங்கிக்காக யார் அழுவார்கள்?

காகா சிப்பாய்களுக்குப் பெயர் கொடுத்தார். முகம் கொடுத்தார். பேச வைத்தார். படையில் சேரக்கூடியவர்கள் ஐம்பது பேருக்கு மேல். குதிரை வீரன் உண்டு. வில் எய்பவன் உண்டு. காயத்தை ஆற்றும் சாமியார் உண்டு. பூட்டைத் திறக்கும் திருடனும் உண்டு! இப்படிப் பெயரும் முகமும் உள்ளவன் விழும்போது மனசு கலங்கத்தானே செய்யும்?

முதலில் விற்பனை மந்தமாகத்தான் இருந்தது. பார்ப்பதற்குச் சாதாரணமாக இருக்கிறதே என்று கடையில் பலர் ஒதுக்கிவிட்டார்கள். விளையாடியவர்கள் மற்றவர்களிடம் சொன்னார்கள். பேச்சு மெல்லப் பரவியது. பிறகு பிடித்துக்கொண்டது.

கட்டம் போட்ட போர்க்களம்

இதை ஆடுவது எப்படி?

ஆடு புலி ஆட்டமோ சதுரங்கமோ ஆடியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். திரையில் காடு, மலை, ஆறு, கோட்டை எல்லாம் தெரியும். எல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும். ஒரு கட்டத்தில் ஓர் ஆள்.

முதலில் நம் முறை. நம் வீரர்கள் ஒவ்வொருவரையும் நகர்த்தலாம். அடிக்க வேண்டியவனை அடிக்கலாம். எல்லாரும் முடித்த பிறகு எதிரியின் முறை. அவர்கள் எல்லாரும் நகர்ந்து வந்து அடிப்பார்கள். அவசரமே இல்லை. ஓர் ஆளை எங்கே நிறுத்துவது என்று அரை மணி நேரம் யோசித்தாலும் எதிரி காத்திருப்பான். உண்மைப் போரில் இந்த வசதி கிடையாது!

சதுரங்கத்தில் ஒரு காய் இன்னொரு காயின் கட்டத்துக்குப் போனாலே வெட்டு விழுந்துவிடும். இங்கே அப்படி இல்லை. அடி விழுமா, எவ்வளவு விழும் என்பது கணக்கு.

ஜப்பானுக்கு வெளியே முதன்முதலாக விற்கப்பட்டது 2003-ல் வந்த "பயர் எம்ப்ளம்". அதில் ஆடுகிறவருக்குக் கணக்கைச் சொல்லிக்கொடுப்பவள் லின் என்ற பெண். புல்வெளி நாட்டுக்காரி. கையில் வாள். அவள் கதையின் முதல் சண்டையே கொள்ளைக்காரர்களோடுதான். அவர்கள் கையில் கோடரி.

லின்னின் உயிர் எண் 16. பலம் 4. இரும்பு வாளின் வலு 5. இரண்டையும் கூட்டினால் 9. வாளுக்கு முன் கோடரி தாழ்ந்தது. அதனால் இன்னும் 1 கூடும். ஆக 10. கொள்ளைக்காரனின் தற்காப்பு 3 என்று வைத்துக்கொள்வோம். கழித்தால் 7. அதுதான் அவனுக்கு விழும் அடி. அவன் உயிர் எண் 20 என்றால், ஓர் அடியில் 13 ஆகிவிடும்.

உடனே அவன் திருப்பி அடிப்பான். அவன் பலம் 5, கோடரியின் வலு 8. கூட்டினால் 13. வாளுக்கு முன் தாழ்ந்ததால் 1 குறையும். லின்னின் தற்காப்பு 2. அதையும் கழித்தால் 10. அடி பட்டால் 16-ல் 10 போய்விடும். மிச்சம் 6!

ஆனால் லின் வேகமானவள். எதிரியைவிட 4 எண் வேகம் கூடுதலாக இருந்தால், ஒரே சண்டையில் இரண்டு தடவை அடிக்கலாம். அவள் மறுபடி அடிக்கிறாள். அவன் உயிர் 6. இரண்டு பேருக்கும் 6, 6!

இப்போது எதிரியின் முறை வருகிறது. அவன் அடிப்பான். இன்னொரு அடி பட்டால் லின் போய்விடுவாள். அவள் போனால் ஆட்டமும் போயிற்று.

காட்டுக்குள் நின்றால் தப்பலாம்

கோடரி கனமான ஆயுதம். பட்டால் பலம். ஆனால் அடிக்கடி தவறும். நூறு தடவை ஓங்கினால் எத்தனை தடவை படும் என்று திரையிலேயே எண் தெரியும். அந்தக் கொள்ளைக்காரனுடைய திறமை மிகக் குறைவு என்று வைத்துக்கொண்டால், வெட்டவெளியில் நிற்கும் லின் மேல் அவன் கோடரி படும் வாய்ப்பு 39.

அவளை ஒரு கட்டம் தள்ளி, காட்டுக்குள் நிறுத்தினால்? அந்த 39 அப்படியே 19 ஆகிவிடும். மரங்களின் மறைவு அவளைக் காக்கும். அடியும் 10-க்குப் பதில் 9 ஆகக் குறையும். ஒரே ஒரு கட்டம்தான் வித்தியாசம்! மூலிகை மருந்து குடித்து 10 எண் உயிர் ஏற்றிக்கொள்வதும் உண்டு. ஆனால் மருந்து குடித்தால் அந்த முறை வாளை எடுக்க முடியாது.

இதில் ஒரு ரகசியமும் இருக்கிறது. திரையில் தெரியும் எண் உண்மையான எண் அல்ல!

இயந்திரம் மனசுக்குள் இரண்டு சீட்டு எடுக்கிறது. இரண்டின் சராசரியைப் பார்த்துத்தான் அடி பட்டதா இல்லையா என்று முடிவு செய்கிறது. இதனால் பெரிய எண்கள் இன்னும் பெரிதாகின்றன. சிறிய எண்கள் இன்னும் சிறிதாகின்றன. திரையில் 90 என்று இருந்தால், உண்மையில் சுமார் 98 தடவை படும். 10 என்று இருந்தால் சுமார் 2 தடவைதான் படும். காட்டுக்குள் நிற்கும் லின்னுக்கு ஆபத்து 19 அல்ல, சுமார் 7.

ஏன் இந்தத் திருகல்? மனிதர்களின் மனசு அப்படி. "90 என்று போட்டிருந்தும் தவறிவிட்டதே!" என்று பத்தில் ஒரு தடவை வயிறு எரிந்தால், ஆடுகிறவர் "இயந்திரம் மோசம் செய்கிறது" என்று தூக்கி எறிந்துவிடுவார். இப்படி மாற்றி வைத்தால், எண் சொல்வது போலவே நடக்கிறது என்று நினைப்பார். இது ஏமாற்று வேலைதான். ஆனால் ஆடுகிறவருக்குப் பெரும்பாலும் லாபமான ஏமாற்று. அவருடைய வீரர்களுக்குத்தானே வழக்கமாகப் பெரிய எண் கிடைக்கிறது!

வாள் கோடரியை வெல்லும். கோடரி ஈட்டியை வெல்லும். ஈட்டி வாளை வெல்லும். இந்த முக்கோணக் கணக்கு முதல் விளையாட்டில் கிடையாது. 1996-ல் வந்த விளையாட்டில்தான் சேர்த்தார்கள். பறக்கும் குதிரையில் வருபவளுக்கு எந்த மலையும் தடை இல்லை, எந்த ஆறும் தடை இல்லை. ஆனால் அம்பு மட்டும் ஆகாது. ஆயுதங்களுக்கும் ஆயுள் உண்டு. 2003 விளையாட்டில் இரும்பு வாளால் 46 தடவை அடிக்கலாம். பிறகு உடைந்துவிடும்.

கிழவனிடம் கொடுக்காதே!

மார்த்தின் படையில் ஜேகன் என்று ஒரு முதிய வீரன். தொடக்கத்தில் அவன்தான் எல்லாரிலும் பலசாலி. எதிரிகளை அவனே தீர்த்துவிடுவான். புதிதாக ஆடுகிறவர்கள் எல்லாச் சண்டைக்கும் அவனையே அனுப்புவார்கள்.

அங்கேதான் வலை விரித்திருக்கிறது. எதிரியை அடித்தவனுக்கு அனுபவ மார்க் கிடைக்கும். 100 மார்க் சேர்ந்தால் ஒரு படி உயர்வான். பலம், வேகம், தற்காப்பு இவற்றில் சில கூடும். எது கூடும் என்பது அதிர்ஷ்டம். இளைஞர்கள் நன்றாக வளர்வார்கள். ஜேகன் எத்தனை படி ஏறினாலும் அதிகம் வளரமாட்டான். எல்லா மார்க்கையும் அவனுக்கே கொடுத்தால், பாதிக் கதை தாண்டிய பிறகு எதிரிகள் பலசாலிகளாக வருவார்கள். நம் படையில் ஒரு கிழவனும் பத்து நோஞ்சான்களும் நிற்பார்கள்!

அதனால் தேர்ந்தவர்கள் ஜேகனை வேறு விதமாக நடத்துவார்கள். அவன் கையில் ஆயுதம் கொடுக்காமல் வாசலில் காவலுக்கு நிறுத்துவார்கள். அடி வாங்குவது அவன் வேலை. எதிரியை முடிப்பது இளைஞன் வேலை. முதிய வீரன் எவனாவது இந்த வகை விளையாட்டில் தொடக்கத்தில் வந்தால், உலகமெங்கும் உள்ள ரசிகர்கள் "இவன் ஒரு ஜேகன்" என்றே சொல்கிறார்கள்.

எதிரியிடம் பேசப் போன இளவரசி

எல்லா எதிரிகளையும் வெட்டித் தள்ளக்கூடாது என்பதும் இதில் உண்டு. மூன்றாம் அத்தியாயத்தில் மலைக் கொள்ளைக்காரர்களின் கூட்டத்தில் நவார் என்ற வாள்வீரன் நிற்பான். கைதேர்ந்தவன். அவனைக் கொல்லலாம். கொன்றால் கதை அத்தோடு சரி.

ஆனால் தாலிஸ் தீவின் இளவரசி ஷீடாவை அவனிடம் அனுப்பிப் பேச வைக்கலாம். அவள் அவன் வாளுக்கு எட்டும் தூரத்துக்குப் போக வேண்டும். போய்ச் சேருவதற்குள் சுற்றி நிற்கும் கொள்ளைக்காரர்கள் அவள் மேல் பாயக்கூடும். நவாரே பாயக்கூடும். அடி பட்டாலும் உயிர் தப்பி அவனிடம் பேசிவிட்டால், நவார் நம் பக்கம் வந்துவிடுவான்! முதன்முதலாக ஆடுகிறவர்களில் எத்தனை பேர் இது தெரியாமல் அவனைக் கொன்றிருப்பார்களோ!

செத்தவனை எழுப்பும் வழி அடியோடு இல்லை என்றும் சொல்ல முடியாது. கதையின் கடைசிக் கட்டத்தில் "ஓம்" என்ற பெயருள்ள ஒரு மந்திரக் கோல் கிடைக்கும். அதை ஒரே தடவைதான் பயன்படுத்தலாம். ஒரே ஓர் ஆளைத்தான் எழுப்பலாம். பத்துப் பேரை இழந்தவர் யாரை எழுப்புவார்?

பெரும்பாலோர் அந்த நிலைக்கு வருவதில்லை. வீரன் ஒருவன் செத்தால் விளையாட்டை அணைத்துவிடுவார்கள். அத்தியாயத்தை முதலில் இருந்து ஆடுவார்கள். ஒரு மணி நேர உழைப்பு வீண். ஒரு காகிதச் சிப்பாய்க்கு நிகரான பொம்மைக்காக இத்தனை பாடு!

கடைசி விளையாட்டு என்று நினைத்தார்கள்

2010-ல் கம்பெனி ஒரு மாற்றம் செய்தது. அந்த ஆண்டு ஜப்பானில் வந்த விளையாட்டில், தொடங்கும்போதே ஒரு கேள்வி. பழைய முறையா, இலகு முறையா? இலகு முறையில் விழுந்த வீரன் அடுத்த அத்தியாயத்தில் எழுந்து வருவான். பழைய ரசிகர்கள் பலர் முகம் சுளித்தார்கள். சாவு இல்லாவிட்டால் இது என்ன விளையாட்டு என்றார்கள்.

அப்போது வியாபாரம் சரிந்துகொண்டிருந்தது. அடுத்த விளையாட்டு இரண்டரை லட்சம் கூட விற்காவிட்டால், இந்த வரிசையையே மூடிவிடுவது என்று நின்டெண்டோ கணக்குப் போட்டது. இருபது ஆண்டுக் குடும்பத்துக்கு அதுவே கடைசிப் பிள்ளை என்று நினைத்துத்தான் அதைச் செய்தார்கள். அதுதான் 2012-ல் வந்த "அவேக்கனிங்". விழிப்பு என்று பொருள். அதிலும் இலகு முறை இருந்தது. பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது! செத்துப்போக வேண்டிய விளையாட்டு பிழைத்துக்கொண்டது.

2019-ல் வந்த "மூன்று வீடுகள்" விளையாட்டில் காலத்தையே பின்னால் திருப்பலாம். வீரன் செத்துவிட்டானா? இரண்டு நகர்த்தல் பின்னால் போய் அவனை வேறு கட்டத்தில் நிறுத்தலாம். விளையாட்டை அணைத்து முதலில் இருந்து ஆடும் வேலை மிச்சம். ஆனால் ஒரு சண்டையில் இத்தனை தடவைதான் என்று கட்டுப்பாடு உண்டு. அது தீர்ந்த பிறகு ஒருவன் விழுந்தால் என்ன ஆகும்? பழைய முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு, 1990-ல் நடந்ததுதான் நடக்கும்.