ஒரே கணிப்பொறியில் விண்டோஸும் லினக்ஸும்

விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. பில் மென்பொருளுக்காக அதை வைத்துக்கொண்டு, இணைய வேலைக்கு உபுண்டு லினக்ஸையும் ஏற்றியுள்ள வணிகர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கணிப்பொறியைப் போட்டதும் எதைத் திறப்பது என்று கேட்பது 'கிரப்' எனும் சிறு நிரல். சில விநாடிகளில் பதில் தராவிட்டால் லினக்ஸே திறக்கும். காலை வியாபார நேரத்தில் கடைப்பையன் திகைத்து நிற்பான்.

கிரப்பின் அமைப்புக் கோப்பில் 'கிரப்_டிஃபால்ட்' என்ற வரியில் விண்டோஸின் வரிசை எண்ணை இடவேண்டும். எண்ணிக்கை 0-இல் தொடங்குவதால், பட்டியலில் மூன்றாவது என்றால் 2 என எழுதவேண்டும்! நம் கணக்குப்பிள்ளைகள் ஒப்பமாட்டார்கள். சேமித்தபின் 'அப்டேட்-கிரப்' கட்டளை தராவிட்டால் மாற்றம் செல்லாது.

இனிமேல் லினக்ஸ் ஏற்றுவோர், வட்டைப் பிரிக்குமுன் பேரேடு முழுவதையும் பென் டிரைவில் நகலெடுத்து, அதைத் திறந்தும் பார்த்துவிடவேண்டும்.