ஏழை மண்ணா கடற்கரை மணல்?

மண் வகைகள் பாடத்தில் வண்டல், கரிசல், செம்மண் என்று வரிசையாக நடத்திவிட்டு, மணற்பாங்கான மண்ணை ஓரிரு வரிகளில் முடித்துவிடுவது நம்மிடையே வழக்கம். ‘நீரைப் பிடித்து வைக்காது, சத்து குறைவு, பெரும்பாலான பயிர்களுக்கு ஏற்றதல்ல.’ இவை சரியான கருத்துகள்தாம். ஆனால், கடலை ஒட்டி வாழும் புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு இது மட்டும் போதாது என்பது அறிவியல் ஆசிரியர் என்ற முறையில் என் கருத்து. எந்தப் பண்புகளைக் குறை என்கிறோமோ, அவையேதான் நம் கரையையும் கிணற்றையும் காக்கின்றன.

மணல்மேடு எப்படி உருவாகிறது?

அலை கொண்டுவந்து சேர்க்கும் மணல் வெயிலில் உலர்கிறது. கடற்காற்று அதைத் தரம் பிரிக்கிறது. கனமான மணிகளும் சிப்பிகளும் அங்கேயே கிடக்கின்றன. நுண்தூசி வெகுதூரம் பறந்துவிடுகிறது. இடைப்பட்ட மணிகள் துள்ளித் துள்ளி உள்ளே நகர்கின்றன. வழியில் ஒரு கொடி தடுத்தால் காற்றின் வேகம் குறைந்து, மணி கீழே விழுகிறது. இப்படிச் சேர்வதே மணல்மேடு. அதனால்தான் அதன் மணிகள் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கின்றன. நகரத்துக்குத் தெற்கே நரம்பை, பனித்திட்டு பக்கம் சென்றால் இத்தகைய மேடுகளைக் காணலாம்.

மண்ணின் பண்புகள்

மணல் மணியின் விட்டம் 0.05 மி.மீ. முதல் 2 மி.மீ. வரை. களிமண் துகளோ 0.002 மி.மீ.-க்கும் சிறியது. மணிகள் ஒன்றோடொன்று ஒட்டாததால் இடைவெளிகள் பெரியவை. எனவே மணலில் மணிக்கு 30 மி.மீ.-க்கு மேல் நீர் இறங்கும். களிமண்ணில் 1 முதல் 5 மி.மீ. வரைதான். இறங்கும் நீர் சத்துகளையும் கரைத்துக்கொண்டு போகிறது. மட்கு மிகக் குறைவு. சிப்பித் தூள் கலந்திருப்பதால் பெரும்பாலும் சற்றே காரத்தன்மை காணப்படும். பகலில் விரைவில் சூடேறி, இரவில் விரைவில் குளிர்ந்துவிடும்.

ஒரு நுட்பத்தையும் மாணவர்களுக்குக் காட்டலாம். மேல்மணல் காலைச் சுட்டாலும், ஒரு சாண் தோண்டினால் ஈரம் இருக்கும். காய்ந்த மேலடுக்கு, கீழிருக்கும் ஈரம் ஆவியாகாமல் மூடாக்குப் போலக் காக்கிறது.

உப்பின் மேல் மிதக்கும் நன்னீர்

கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் தோண்டிய ஊற்றில் நல்ல தண்ணீர் கிடைப்பது எப்படி? வடகிழக்குப் பருவமழை மணல்மேட்டில் விழுந்தால் ஓடி வீணாகாமல் நேரே உள்ளே இறங்குகிறது. கடல்நீரைவிட அடர்த்தி குறைவு என்பதால், இந்த நன்னீர் அடியிலுள்ள உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்தைவிட 1 மீட்டர் உயர்ந்திருந்தால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீட்டர் ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது கைபன்–ஹெர்ஸ்பெர்க் விதி. இதன் மறுபக்கம் அச்சமூட்டுவது: நன்னீர் மட்டம் 1 மீட்டர் குறைந்தால், உப்புநீர் மெல்ல மெல்ல 40 மீட்டர் மேலேறும். மேட்டை அழித்து, ஆழ்துளைக் கிணறு போட்டு அளவின்றி இறைத்தால் நீர் கரிப்பது இதனால்தான்.

கரையின் சேமிப்பு

புயல் அலைகள் மேட்டிலிருந்து மணலை அரித்துச் சென்று, கரைக்குச் சற்று அப்பால் நீரடித் திட்டாகப் போடுகின்றன. அடுத்து வரும் அலைகள் அந்தத் திட்டிலேயே உடைந்து வலுவிழக்கின்றன. கடல் அமைதியான பிறகு மணல் மெல்லக் கரைக்குத் திரும்புகிறது. இறுகிய மண்ணால் இப்படிக் கொடுத்து வாங்க முடியாது.

இந்தக் கொடுக்கல் வாங்கல் தடைப்பட்டால் என்னவாகும் என்பதற்கு நம் நகரமே சான்று. நம் கரையோரமாக ஆண்டின் நிகரக் கணக்கில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. தெற்கே மணல் குவிந்தது. வடக்கே, நகரத்தின் முன்னால் இருந்த மணற்பரப்பு மறைந்து கருங்கற்கள் வந்தன. கடற்கரை என்றாலே பாறைக்குவியல் என்று எண்ணி ஒரு தலைமுறை வளர்ந்தது. 2018-இல் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் திட்டப்படி தலைமைச் செயலகம் அருகே நீரடித் தடுப்பு அமைக்கப்பட்ட பிறகு, அங்கே மணல் மீண்டும் சேர்ந்தது. மணல் நகரும் பொருள் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டியதில்லை.

மணலைக் கட்டும் செடிகள்

அடும்புக் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் மணலில் புதைந்தாலும் கணுவுக்குக் கணு வேர்விட்டு மேலே வரும். சத்தற்ற மண்ணிலும் சவுக்கு வளர்வதற்குக் காரணம், அதன் வேர்முடிச்சுகளில் வாழும் பிராங்கியா என்ற நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைநிறுத்தித் தருவதாகும். தமிழாசிரியர்களும் இந்தப் பாடத்தில் கைகோக்கலாம். அடும்பு, தாழை, கானல், எக்கர் ஆகியவை நெய்தல் திணைப் பாடல்களில் வரும் சொற்கள். மணல்மேட்டில் நின்று படித்தால் அவை அகராதிச் சொற்களாக இரா.

வகுப்பறைச் செயல்பாடுகள்

1. மூன்று நெகிழிப் பாட்டில்களின் அடியை வெட்டி, வாயில் துணி கட்டித் தலைகீழாக நிறுத்துங்கள். ஒன்றில் கடற்கரை மணல், ஒன்றில் கோரிமேட்டுச் செம்மண், ஒன்றில் பாகூர் வயல் மண் இடுங்கள். ஒவ்வொன்றிலும் 200 மி.லி. நீர் ஊற்றி, வடியும் நேரத்தையும் அளவையும் அட்டவணைப்படுத்தச் சொல்லுங்கள்.

2. மணலில் சில சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் சிப்பியின் கால்சியம் கார்பனேட் இருக்கிறது.

3. காந்தத்தைப் பாலிதீன் தாளில் சுற்றி மணலில் உருட்டுங்கள். ஒட்டும் கருமணிகளை உருப்பெருக்கியில் பார்க்கட்டும்.

4. உலர்ந்த மணலைக் குவித்து, சரிவின் கோணத்தைப் பாகைமானியால் அளக்கச் செய்யுங்கள். சுமார் 34 பாகை வரும். மணலை ஈரமாக்கி மீண்டும் அளந்தால் கோணம் கூடும். ஏன் என்று அவர்களே பேசட்டும்.

களப்பயணத்தின்போது கொடிகளை மிதிக்காமலும் பிடுங்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பிடி மணல் போதும். கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை மணல்மேடுகளைச் சூழலியல் முக்கியத்துவம் வாய்ந்த பகுதிகளில் சேர்த்துள்ளது என்பதையும் சொல்லுங்கள்.

தேர்வில் ‘மணற்பாங்கான மண்ணின் குறைகள் யாவை?’ என்று கேட்பதற்குப் பதிலாக, ‘நீரைப் பிடித்து வைக்காத மண், கடலோரக் கிணற்றில் நன்னீர் இருக்க எவ்வாறு உதவுகிறது?’ என்று நான் கேட்பதுண்டு. மனப்பாடத்தால் இதற்கு விடை எழுத முடியாது. உங்கள் வகுப்பிலும் கேட்டுப் பாருங்கள்.