சட்டையைத் துவைக்காதீர்கள்!

திட்டக்குடியில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் சின்ன யுத்தம் ஒன்று மூண்டது. காரணம், ஒரு கிரிக்கெட் சட்டை.

"வேர்வை நாற்றம் குடலைப் பிடுங்குது. கொடுடா, ஒரு அலசு அலசித் தரேன்" என்றாள் தாயார்.

"ஐயோ அம்மா, துவைத்தால் மதிப்பே போய்விடும்!" என்று அலறினான் கல்லூரியில் படிக்கும் பிள்ளை. பந்தயம் முடிந்த கையோடு ஓர் ஆட்டக்காரர் கழற்றிக் கையெழுத்திட்டுக் கொடுத்த சட்டையாம் அது.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தோனி விளையாடிக் கையெழுத்திட்ட சட்டை என்று சொல்லி ஒருவர் 15,000 ரூபாய் கேட்கிறாராம். பரீட்சைக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணத்தின் மீது பிள்ளையின் கண் விழுந்துவிட்டது! "தம்பி, நீங்களே நியாயம் சொல்லுங்க" என்று தாயார் என்னைப் பஞ்சாயத்துக்கு இழுத்தாள்.

அழுக்குச் சட்டைக்கு மதிப்பா என்று சிரிக்காதீர்கள், நேயர்களே! அமெரிக்காவின் பேஸ்பால் மன்னர் பேப் ரூத் 1932-ம் வருஷத்து உலகப் பந்தயத்தில் அணிந்த சட்டை, 2024 ஆகஸ்டில் 2 கோடியே 41 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. நம் கணக்கில் ஏறக்குறைய 200 கோடி ரூபாய்! அவரோ அதைக் கோல்ஃப் விளையாட்டுத் தோழர் ஒருவருக்குச் சும்மா கொடுத்தவர்.

நம் நாட்டோடு தொடர்புள்ள கதையும் உண்டு. சுதந்திரம் பெற்ற சில மாதங்களில், 1947-48-ல், நமது கிரிக்கெட் கோஷ்டி ஆஸ்திரேலியா சென்றது. சென்னையின் ரங்காச்சாரியும் அதில் இருந்தார். டான் பிராட்மன் நம்மவர் பந்துகளை விளாசித் தள்ளி, ஆறே இன்னிங்ஸில் 715 ரன் குவித்தார். அந்தத் தொடரில் அணிந்த பச்சைத் தொப்பியை நமது கோஷ்டியின் மானேஜர் பங்கஜ் குப்தாவுக்கு அன்பளிப்பாகத் தந்தார். வெயிலில் வெளுத்து, பூச்சி அரித்துப்போன அந்தத் தொப்பி 2024 டிசம்பரில் சிட்னி ஏலத்தில் கமிஷன் உட்பட 4,79,700 ஆஸ்திரேலிய டாலருக்கு விலைபோயிற்று! 2011 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் தோனி சிக்ஸர் அடித்து வென்ற மட்டையும், அதே வருஷம் லண்டனில் ஒரு லட்சம் பவுனுக்குத் தர்ம காரியத்துக்காக ஏலம் போனதுதான்.

பணம் புழங்கும் இடத்தில் புரட்டும் புகுந்துவிடும் அல்லவா? 1990-களில் அமெரிக்கப் போலீஸார் கள்ளக் கையெழுத்துக் கும்பல் ஒன்றை வளைத்தபோது, அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால் பந்துகளும் அகப்பட்டன. அன்னை பேஸ்பால் ஆடினாரா என்று யாரும் கேட்கவில்லை போலும்!

அப்படியானால் அசலை எப்படி அறிவது? பேப் ரூத்தின் சட்டையை, பந்தயத்தன்று எடுத்த புகைப்படங்களோடு வைத்து, எழுத்துக்கள் தைக்கப்பட்ட இடம், பொத்தான் வரிசை எல்லாவற்றையும் ஒப்பிட்டார்கள். சட்டை யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற வரலாறும் வேண்டும். கறையும் கிழிசலும்கூடச் சாட்சிகள். துவைத்தால் சாட்சி கலைந்துவிடும். பக்கத்து விருத்தாசலத்தில் பீங்கான் கோப்பை வாங்குகிறவர் சுண்டிப் பார்த்து ஓசை கேட்கிறாரே, அதைப் போலத்தான். வெறும் கையெழுத்தை நம்பி ஏமாறக் கூடாது.

"எந்தப் பந்தயத்தில் போட்ட சட்டை? படம் இருக்கிறதா? இந்த இரண்டை மட்டும் கேள்" என்றேன் பிள்ளையிடம். கேட்டான். அதன் பிறகு அந்த ஆசாமி தொலைபேசியை எடுக்கவேயில்லை. பரீட்சைப் பணம் பிழைத்தது.

மறுமுறை போனபோது பீரோவைத் திறந்து காட்டினாள் தாயார். அந்தச் சட்டை துவைக்கப்படாமல், பழைய வேஷ்டித் துணியில் பத்திரமாகச் சுற்றப்பட்டிருந்தது. மடிப்புக்கு மடிப்பு காய்ந்த வேப்பிலை!

"அந்தத் தொப்பியைப் பூச்சி அரிச்சுதுன்னு சொன்னீங்களே, தம்பி!" என்றாள்.