குட்டிப் பச்சோந்திக்குத் தாகம்!

பச்சோந்தி என்றதும் நமக்கு ஞாபகம் வருவது கட்சி மாறும் அரசியல்வாதிதான். ஆனால், அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிற சில பெற்றோரை நிஜப் பச்சோந்தியே ஹாலில் உட்கார்ந்து வரவேற்கிறது! "பாட்டி, இது என்னோட பெட். ஒண்ணும் பண்ணாது" என்று பேரன் சொல்ல, "ஐயய்யோ, ஓணானையா வீட்டுக்குள்ள வச்சிருக்கீங்க?" என்று பாட்டி அலற... மறுநாள் எல்லோரும் ஸ்கூலுக்கும் ஆபீசுக்கும் போன பிறகு, அதற்குத் தண்ணீர் காட்டும் வேலை பாட்டியிடம்தான் வந்து சேர்கிறது.

அங்கே கடைகளில் அதிகம் விற்பது 'வெய்ல்டு' பச்சோந்தி. முக்காடு போட்டது என்று அர்த்தம். தலைக்கு மேல் கோபுரம் மாதிரி ஒரு மேடு இருக்கும். பூர்வீகம் ஏமன், சவூதி அரேபியா. கடைக்கு வருபவை பெரும்பாலும் பண்ணைகளில் முட்டை பொரித்து வளர்த்தவை. விரல் நீளக் குட்டியைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால், மூன்று மாதமாவது ஆகாத குட்டியை வாங்காமல் இருப்பதே நல்லது. அவ்வளவு சின்ன உடம்பு ஒரு நாள் தண்ணீர் குறைந்தாலும் தாங்காது.

பட்டினியால் சாகும் குட்டிகளைவிட, தாகத்தாலும் சுண்ணாம்புச் சத்துக் குறைவாலும் சாகும் குட்டிகள்தான் அதிகம். அதனால் முதலில் தண்ணீர் விஷயம்.

கிண்ணத்தில் வைத்தால் குடிக்காது

நாய், பூனைக்கு வைக்கிற மாதிரி கிண்ணத்தில் தண்ணீர் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. தேங்கி நிற்கும் தண்ணீரைத் தண்ணீர் என்றே பச்சோந்தி கண்டுகொள்வதில்லை. காட்டில் அது குடிப்பது இலைமேல் நிற்கும் பனித்துளியையும் மழைத்துளியையும்தான். வீட்டிலும் அப்படியே கொடுக்க வேண்டும். காலையிலும் மாலையிலும் ஸ்பிரேயரால் கூண்டுக்குள் இருக்கும் இலைகள் சொட்டச் சொட்ட நனையட்டும். அதன் முகத்தில் நேராக அடிக்காதீர்கள், மிரண்டுவிடும். ஒரு பேப்பர் கப்பின் அடியில் ஊசியால் குத்தி, தண்ணீர் ஊற்றிக் கூண்டின் மேல் வைத்தால் சொட்டுச் சொட்டாக இலையில் விழும். அதைப் பார்த்ததும் நாக்கை நீட்டி நக்க ஆரம்பித்துவிடும். அடுத்த முறை தெளிப்பதற்குள் கூண்டு காய்ந்துவிட வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். எப்போதும் ஈரமாகவே கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

தண்ணீர் போதுமா என்று தெரிந்துகொள்ள அதன் எச்சத்தைப் பாருங்கள். (முகம் சுளிக்காதீர்கள், கைக்குழந்தையின் துணியைப் பார்த்து வயிறு சரியில்லை என்று சொல்பவர்கள்தானே நாம்!) அதில் வெள்ளையாக ஒரு பகுதி இருக்கும். அது வெள்ளையாகவே இருந்தால் கவலையில்லை. மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ மாறியிருந்தால் தண்ணீர் போதவில்லை. கண் குழி விழுந்திருந்தால் நிலைமை முற்றிவிட்டது.

கூண்டுக்குள் நிஜச் செடிகளையே வையுங்கள். மணிபிளான்ட், செம்பருத்தி இரண்டுமே ஏற்றவை. இந்த வகைப் பச்சோந்தி இலையையும் கடித்துத் தின்னும். ஆகவே, பூச்சி மருந்து அடித்த செடியாக இருக்கக் கூடாது. கூண்டு வலையடித்ததாக, காற்றோட்டமாக இருக்கட்டும். கண்ணாடித் தொட்டியில் காற்று தேங்கினால் நுரையீரலில் கிருமி தாக்கும்.

வெயில் காட்டுங்கள்... கண்ணாடி வழியாக அல்ல!

பிறந்த குழந்தையை இளவெயிலில் காட்டுவது நம் வீட்டு வழக்கம். பச்சோந்திக் குட்டிக்கும் அதேதான். வெயிலில் உள்ள 'யூவி-பி' கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி உண்டாகும். வைட்டமின் டி இருந்தால்தான் சாப்பிட்ட கால்சியம் எலும்பில் சேரும். "ஜன்னல் ஓரமா வச்சா போதாதா?" என்று கேட்பீர்கள். போதாது. சாதாரண ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். அதற்கென்றே விற்கும் நீளமான டியூப் விளக்கு வேண்டும். தினமும் 12 மணி நேரம் எரிய வேண்டும். விளக்கு பளிச்சென்று எரிந்தாலும் கதிரின் வீரியம் மாதக் கணக்கில் குறைந்துகொண்டே போகும். கம்பெனி சொல்லியிருக்கும் கெடுவில் மாற்றிவிடுங்கள். 'நல்லாத்தானே எரியுது' என்று விட்டுவிடும் வீடுகளில்தான் குட்டியின் கால் வில்லாக வளைகிறது, தாடை மெத்தென்று ஆகிறது, நீட்டிய நாக்கை உள்ளே இழுக்க முடியாமல் போகிறது. நம் குழந்தைகளுக்கு வரும் ரிக்கெட்ஸ் மாதிரிதான். முற்றிய பிறகு வளைந்த எலும்பு நேராகாது.

குளிர்காய ஒரு மூலையில் இன்னொரு சின்ன பல்பு. குட்டிக்கு அந்த இடத்தில் 29 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும். ராத்திரி இரண்டு விளக்கும் அணைந்து, அறை கொஞ்சம் குளிர்ந்தால்தான் அதற்கு நல்ல தூக்கம்.

சாப்பாடு

சுவர்க்கோழிதான்! பண்ணையில் வளர்த்ததை உயிரோடு விற்கிறார்கள். குட்டியின் இரண்டு கண்களுக்கு நடுவே உள்ள அகலத்தைவிடப் பெரிய பூச்சி வேண்டாம். வளரும் வயதில் தினமும் தீனி வேண்டும். அந்தச் சுவர்க்கோழிகளுக்கும் கேரட், கீரை போட்டுவிட்டுப் பிறகு கொடுங்கள். கால்சியம் பவுடரை ஒரு கவரில் போட்டு, பூச்சிகளைப் பஜ்ஜி மாவில் புரட்டுகிற மாதிரி லேசாகப் புரட்டிக் கொடுக்க வேண்டும். இது அநேகமாக ஒவ்வொரு வேளைக்கும். வைட்டமின் சேர்ந்த பவுடர் மாதத்துக்கு இரண்டு தடவை போதும், அதிகமானால் கெடுதல். தின்னாமல் விட்ட சுவர்க்கோழிகளை ராத்திரி கூண்டில் விடாதீர்கள், தூங்குகிற குட்டியைக் கடித்துவிடும். மின்மினிப்பூச்சி மட்டும் கண்டிப்பாகக் கூடாது. அது விஷம், ஒன்று தின்றாலே உயிருக்கு ஆபத்து.

பெண் குட்டியாக இருந்தால், வளர்ந்த பிறகு ஆண் துணை இல்லாமலேயே முட்டை வைக்கும். ஆகவே, ஆறு மாதம் நெருங்கும்போது தீனியைக் குறைத்து, தோண்டி முட்டையிட ஈரமணல் தொட்டி ஒன்றும் வைக்க வேண்டும்.

கொஞ்சாதீர்கள்

குழந்தைகளுக்கு இதைச் சொல்வதுதான் கஷ்டம். பச்சோந்தி மடியில் வைத்துக் கொஞ்சும் பிராணி அல்ல. இன்னொரு பச்சோந்தியோடும் ஒத்துப் போகாது. கூண்டை உயரமான இடத்தில் வையுங்கள். மேலிருந்து யாராவது குனிந்து பார்த்தால் பருந்து வருகிறது என்று பயப்படும்.

சுற்றுப்புறத்துக்கு ஏற்ப நிறம் மாறுகிறது என்பது முழு உண்மையில்லை. கோபம், பயம், குளிர், ஜோடி தேடுவது என்று அதன் மனநிலையும் உடல்நிலையும்தான் முக்கியக் காரணம். 2015-ல் ஜெனிவா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், மடகாஸ்கரின் 'பேன்தர்' பச்சோந்தியின் தோலுக்குள் இருக்கும் நுண்ணிய படிகங்கள் விலகி, நெருங்கி ஒளியைச் சிதறடிப்பதால்தான் நிறம் மாறுகிறது என்று கண்டுபிடித்தார்கள். வீட்டில் இருப்பது கறுத்துப்போய் இருந்தால் குளிரா, பயமா என்று பாருங்கள். பகலில் கண்ணை மூடிக்கொண்டே இருந்தால் யோசிக்காமல் டாக்டரிடம் கொண்டு போங்கள்.

இதைப் படித்துவிட்டு, 'நம்ம தோட்டத்து வேலியிலயே ஒண்ணு இருக்கே' என்று பிடித்து வந்துவிடாதீர்கள்! நம் நாட்டுப் பச்சோந்தியை 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். அதற்கு விஷமும் கிடையாது, கல்லெடுத்து அடிக்காதீர்கள். வேலியில் தலையாட்டிக்கொண்டு கழுத்து சிவக்க நிற்பது அநேகமாக ஓணான்தான். பச்சோந்தியின் கண்கள் ஆளுக்கொரு பக்கம் சுழலும், கால் இடுக்கி மாதிரி கிளையைப் பிடிக்கும், வால் சுருளும்.

பிரசவத்துக்குப் போகும் அம்மாக்களுக்கு...

மகளின் பிரசவத்துக்கு உதவியாகப் போகிறீர்கள், மூத்த பேரனிடம் பச்சோந்தி இருக்கிறது என்றால் இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள். ஆரோக்கியமாகத் தெரியும் பச்சோந்தியின் குடலிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். பெரியவர்களுக்கு அது வயிற்றுப்போக்கு, காய்ச்சலோடு போய்விடும். கைக்குழந்தைக்கு ரத்தத்தில் கலந்து மூளைவரை போகக்கூடும். குட்டி ஆமைகளால் குழந்தைகளுக்கு இந்த நோய் பரவியதால்தான் 1975-ல் அமெரிக்க அரசு 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளை விற்கவே தடை போட்டது. குழந்தை பச்சோந்தியைத் தொட வேண்டும் என்பதுகூட இல்லை, அதைத் தொட்ட கை குழந்தையைத் தொட்டாலே போதும்.

கூண்டையும் தட்டையும் சமையலறை சிங்க்கில் கழுவக் கூடாது. தொட்டவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவியே ஆக வேண்டும். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தை இருக்கும் வீட்டில் பச்சோந்தியே வேண்டாம் என்பதுதான் அங்கே டாக்டர்கள் சொல்வது. பேரன் அழுவான்தான். இருந்தாலும், பாப்பா வீட்டுக்கு வருவதற்கு முன்பே அதை வேறு நல்ல வீட்டுக்கு அனுப்பிவிடச் சொல்லுங்கள். பாவம் என்று தோட்டத்தில் அவிழ்த்து விட்டுவிடாதீர்கள். குளிர் மாநிலங்களில் விறைத்துச் செத்துப்போகும். ஃப்ளோரிடா மாதிரி வெப்பமான இடத்தில் பெருகி, அங்குள்ள சின்னச் சின்ன உயிர்களைத் தின்கிறது. ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் கேட்டால், வளர்க்கத் தெரிந்தவர் யாரையாவது சொல்வார். கூண்டு, விளக்கு, பவுடர் டப்பா, அந்த ஓட்டை போட்ட பேப்பர் கப் எல்லாவற்றையும் சேர்த்தே கொடுத்து அனுப்புங்கள்.