கம்பனிப் பங்கு மலிவா, விலையா?

1992இல் அரசாங்கத் தோட்டங்கள் கம்பனிகளாகப் பிரிக்கப்பட்டன. 1995 முதல் அந்தக் கம்பனிகளின் பங்குகள் விற்கப்பட்டபோது, நூற்றுக்குப் பத்து வீதம் தொழிலாளருக்கு இலவசமாக ஒதுக்கப்பட்டது. கண்டிப் பக்கம் ஜனவசம போன்ற அரச தோட்டங்களுக்கு இது பொருந்தாது. கம்பனித் தோட்டமாக இருந்தால், அம்மா அப்பாவின் பங்குப் பத்திரம் இன்னும் உங்கள் பெட்டியில் இருக்கலாம்.

"பத்திரத்தைக் குடுங்க, கைக்காசு தர்றேன்" என்று யாராவது வந்தால் என்ன செய்வது? முதலில் ஒரு கணக்கைப் படிப்போம்.

பங்கின் சந்தை விலையை, ஒரு பங்குக்கு வருடத்தில் கிடைத்த இலாபத்தால் வகுக்க வேண்டும். விலை 60 ரூபா, இலாபம் 6 ரூபா என்றால் விடை 10. இதுதான் விலை உழைப்பு விகிதம். இதே இலாபம் தொடர்ந்தால், கொடுத்த விலையைக் கம்பனி உழைத்து முடிக்கப் பத்து வருடம் ஆகும் என்று அர்த்தம். அந்த இலாபம் முழுவதும் நம் கைக்கு வராது. பங்கிலாபமாக ஒரு பகுதிதான் வரும்.

விகிதம் குறைவாக இருந்தால் பங்கு மலிவு என்பார்கள். தேயிலைக் கம்பனியில் அப்படிச் சொல்லிவிட முடியாது. கன்று போட்ட புதுசில் கறக்கும் பாலை மட்டும் பார்த்து மாட்டுக்கு விலை பேசுவோமா?

2021இல் கொழும்பு ஏலத்தில் தேயிலை கிலோ சராசரி 620 ரூபா அளவில் விற்றது. 2022இல் அது 1,270 ரூபா அளவுக்கு ஏறியது. அந்த வருடம் நாட்டில் தேயிலை விளைச்சல் குறைந்ததாலும், ரூபாவின் பெறுமதி விழுந்ததாலும் விலை கூடியது. 2023இல் மறுபடி கொஞ்சம் இறங்கியது. கம்பனி இலாபமும் இப்படித்தான் ஏறி இறங்கும்.

ஓர் உதாரணம். பங்கு விலை 60 ரூபாவிலேயே நிற்கிறது. மூன்று வருட இலாபம் 6, 20, 4 ரூபா. விகிதம் 10, 3, 15 என்று மாறும். 3ஐப் பார்த்தவர் "ரொம்ப மலிவு" என்பார். 15ஐப் பார்த்தவர் "விலை கூட" என்பார். மூன்று வருடச் சராசரி இலாபம் 10 ரூபா. அதன்படி விகிதம் 6. நம்பக்கூடியது இதுதான். நட்டம் வந்த வருடத்தில் விகிதமே பார்க்க முடியாது. ஆனால் சராசரி எடுக்கும்போது அந்த நட்டத்தையும் கழிக்க வேண்டும்.

ஆகவே கம்பனியின் ஆண்டறிக்கையில் ஐந்து வருடக் கணக்கைப் பாருங்கள். படித்த பிள்ளைகளிடம் கொடுத்து வகுக்கச் சொல்லுங்கள். வங்கியோடு ஒப்பிடாமல், இன்னொரு தேயிலைக் கம்பனியோடு ஒப்பிடுங்கள். அன்றைய பங்கு விலையை அனுமதி பெற்ற பங்குத் தரகரிடம் கேளுங்கள். அதற்கு முன் எந்தக் கடுதாசியிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.